மெதுவாகப் பறக்கும் மின்சார மாதிரி விமானம்

சிறு மின்மோட்டாரால் இயங்கி, மிதிவண்டியின் வேகத்திலேயே வானில் தங்கக்கூடிய இலகுவான மாதிரி விமானம் மெதுபறப்பு விமானம் எனப்படும். கடைகளிலும் மாணவர்களிடையிலும் இதற்கு 'ஸ்லோ ஃப்ளையர்' என்பதே வழக்கம். இறக்கையின் நீளம் சுமார் ஒரு மீட்டர். எடை பெரும்பாலும் கால் கிலோவிலிருந்து அரைக் கிலோவுக்குள். தரையில் நிற்பவர் கையிலுள்ள ரிமோட்டிலிருந்து வரும் வானொலி அலைகள் இதனை இயக்குகின்றன.

மாதிரி விமானம் ஓட்டப் பழகத் தொடங்குவோர் பலர் முதல் விமானத்தோடு நிறுத்திவிடுகின்றனர். கைத்திறன் போதாமை இதற்குக் காரணம் என்று அவர்களே நினைத்துக்கொள்வர். பெரும்பாலும் உண்மை அதுவன்று. விமானத்தைத் தேர்ந்தெடுத்த விதமே தவறாக இருந்திருக்கும். போர்விமானத்தின் தோற்றத்தில் மயங்கி வாங்கிய ஒன்று, ஓட்டுபவர் யோசித்து முடிப்பதற்குள் தரையில் மோதியிருக்கும். ஒரு விமானத்துக்கு மட்டுமே பணம் சேர்த்துவைத்திருக்கும் மாணவருக்கு அத்துடன் கதை முடிந்தது.

எந்த ஊரில் பறக்கவிடுகிறோம் என்பதும் தேர்வைத் தீர்மானிக்கும். எனவே இக்கட்டுரை, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூரை அடுத்துள்ள தொரப்பள்ளியையும் அதன் சுற்றுப்புறத்தையும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. இராஜாஜி 1878ஆம் ஆண்டு பிறந்த ஊர் என்ற வகையில் பாடநூல் படித்தோர் இதனை அறிவர். ஓசூருக்கும் விமானத்துக்கும் தொடர்பில்லாமலும் இல்லை. தளி சாலையிலுள்ள பெலகொண்டப்பள்ளியில், 1994இல் தொடங்கப்பட்ட தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனத்துக்குச் சொந்த ஓடுபாதையும் தொழிற்சாலையும் உள்ளன. இத்தாலிய வடிவமைப்பான பார்த்தனேவியா பி-68சி என்னும் ஆறு இருக்கை விமானமும், பெங்களூரின் தேசிய வான்வெளி ஆய்வகம் வடிவமைத்த ஹன்சா-3 பயிற்சி விமானமும் அங்கே உருவாயின.

தோற்றம்

மின்சாரத்தால் இயங்கிய மாதிரி விமானம் ஒன்று வானொலிக் கட்டுப்பாட்டில் பறந்ததாகப் பதிவான முதல் நிகழ்ச்சி 1957 ஜூன் 30 அன்று இங்கிலாந்தில் நடந்தது. கர்னல் டேப்ளின் என்பவர் தமது 'ரேடியோ குயின்' விமானத்தில் வெள்ளி-துத்தநாக மின்கலங்களைப் பொருத்திப் பறக்கவிட்டார். அதன்பின் பல ஆண்டுகள் மின்சார விமானங்கள் அபூர்வமாகவே இருந்தன. மின்கலம் தன் எடையைத் தானே தூக்க முடியாத அளவுக்குக் கனமாக இருந்ததே காரணம். பெட்ரோலிய எரிபொருளோ மெத்தனாலோ குடிக்கும் சிறு எஞ்சின்களே அந்நாளில் வழக்கு. அவற்றின் இரைச்சலும் எண்ணெய்ப் பிசுக்கும் பள்ளி மைதானத்துக்கு ஏற்றவையல்ல.

1990களில் சிறு மோட்டார்களும் இலகுவான ரிசீவர்களும் வரத் தொடங்கின. கைப்பேசிக்காக மேம்பட்ட லித்தியம் மின்கலம் 2000க்குப் பின் இப்பொழுதுபோக்குக்கும் வந்து சேர்ந்தது. அக்காலத்தில் தைவானின் ஜி.டபிள்யூ.எஸ். நிறுவனம் வெளியிட்ட 'ஸ்லோ ஸ்டிக்' என்னும் விமானம் உலகெங்கும் பரவியது. ஒரு குச்சி, அதன்மேல் வளைந்த நுரை இறக்கை, பின்னால் ஒரு வால் என்று, பார்வைக்கு ஏழ்மையான வடிவம்தான். ஆனால் அதன் இறக்கைப் பரப்பு சுமார் 32.6 சதுர டெசிமீட்டர். பறக்கும் எடை ஏறத்தாழ 400 கிராம். இந்த இரண்டு எண்களில்தான் அதன் வெற்றி முழுவதும் அடங்கியிருந்தது.

இறக்கைச் சுமை

விமானத்தின் எடையை இறக்கையின் பரப்பால் வகுத்தால் கிடைப்பது இறக்கைச் சுமை. பரப்பை அளக்க டெசிமீட்டர் வசதியானது: 10 செ.மீ. நீளமும் 10 செ.மீ. அகலமும் உள்ள ஒரு சதுரம், ஒரு சதுர டெசிமீட்டர். ஸ்லோ ஸ்டிக்கில் ஒவ்வொரு சதுரத்தின் தலையிலும் ஏறத்தாழ 12 கிராம் சுமை. பெட்டியில் விற்கப்படும் வேகமான விமானங்களில் இது 30 கிராமையும் தாண்டும்.

இறக்கை தரும் தூக்குவிசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. இதிலிருந்து ஒரு பயனுள்ள முடிவு கிடைக்கிறது. ஒரே இறக்கையில் எடையை இரட்டித்தால், விழாமல் பறப்பதற்குத் தேவையான குறைந்தபட்ச வேகம் இரட்டிப்பதில்லை, 1.41 மடங்காகிறது. இது பெரிய கெடுதல் இல்லை என்று தோன்றலாம். ஆனால் மோதும்போது கணக்கு வேறு. இயக்க ஆற்றலின் வாய்பாட்டில் எடையும் இருக்கிறது, வேகத்தின் இருமடியும் இருக்கிறது. எடை இரண்டு மடங்கு, வேகத்தின் இருமடியும் இரண்டு மடங்கு; ஆக மோதல் நான்கு மடங்கு.

எண்களில் பார்க்கலாம். 250 கிராம் விமானம் வினாடிக்கு 4.5 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 16 கி.மீ. வேகத்தில் தரையில் மோதினால், அதன் ஆற்றல் ஏறத்தாழ 2.5 ஜூல். மேசை உயரத்தைவிடச் சற்று மேலே, ஒரு மீட்டரிலிருந்து கை நழுவி விழுந்ததற்கு அது சமம். அதே இறக்கையில் 500 கிராம் ஏற்றியிருந்தால் ஆற்றல் 10 ஜூல். முன்னது இறக்கையில் ஒரு விரிசலோடு போகும்; பின்னது மோட்டாரைப் பிடித்திருக்கும் மூக்கைப் பிய்த்துவிடும். முதல் நாளில் விமானம் விழாமல் இருக்கப்போவதில்லை. விழுந்தபின் அரை மணி நேரத்தில் ஒட்டி மீண்டும் பறக்கவிட முடியுமா என்பதே பழகுபவர் தொடர்வாரா நிறுத்துவாரா என்பதைத் தீர்மானிக்கிறது.

ஆகவே தேர்வுக்கான அளவுகோல் ஒன்றே: மின்கலத்துடன் சேர்த்து இறக்கைச் சுமை சதுர டெசிமீட்டருக்கு 15 கிராமுக்கு மேல் போகாத விமானம். கடையில் வாங்கினாலும் வீட்டில் செய்தாலும் இதுவே பொருந்தும். பெட்டியின்மேல் இறக்கைப் பரப்பு அச்சிடப்படாவிட்டால் நீளத்தை அகலத்தால் பெருக்கிக் கணக்கிட்டுக்கொள்ளலாம். எடையே அச்சிடப்படாத விமானத்தைத் தொடக்கநிலையாளர் தொடாமலிருப்பது நல்லது.

ஓசூர்ப் பீடபூமியின் காற்றும் நிலமும்

ஓசூர் வட்டாரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதே வெப்பநிலையில் சென்னைக் காற்றோடு ஒப்பிட்டால், இங்கே காற்றின் அடர்த்தி சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. தூக்குவிசையும் அடர்த்தியைப் பொறுத்ததாகையால், தொரப்பள்ளியில் பறக்கும் 250 கிராம் விமானம், சென்னையில் 275 கிராம் ஏற்றியது போல நடந்துகொள்ளும். குறைந்தபட்ச வேகம் 5 விழுக்காடு கூடும். புரொப்பல்லர் அதே சுழற்சியில் தரும் உந்துவிசையும் அதே பத்தில் ஒரு பங்கு குறையும். இங்குள்ள குளிர்ந்த காலை அந்த இழப்பில் சிறிதைத் திருப்பித் தருவதும் உண்மை. எப்படியாயினும், கடலோர ஊர்க்காரர் 'பறக்கிறது' என்று சொன்ன விமானம் ஓசூரில் தள்ளாடினால் வியப்பதற்கில்லை. இருபது கிராம் குறைத்துச் செய்தால் சரியாகும்.

காற்று இதைவிடப் பெரிய செய்தி. 'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்பார்கள். அம்மி பறக்கிற காற்றில் மெதுபறப்பு விமானம் பறக்காது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் பீடபூமியில் பகல் முழுதும் காற்று ஓய்வதில்லை. வினாடிக்கு 4.5 மீட்டரில் பறக்கும் விமானத்துக்கு எதிரே அதே வேகத்தில் காற்று வீசினால் விமானம் நின்ற இடத்திலேயே நிற்கும். திரும்பினாலோ இரட்டை வேகத்தில் பறந்து மறையும். காற்றின் வேகம் விமானத்தின் வேகத்தில் பாதியைத் தாண்டினால் அன்று பறக்கவிடக்கூடாது. இதற்குக் கருவி வேண்டாம். ஒரு குச்சியில் ஒரு முழம் தையல் நூலைக் கட்டிப் பிடித்தால் போதும். நூல் தளர்ந்து தொங்க வேண்டும். கிடையாக எழும்பினால் வீட்டுக்குத் திரும்பலாம்.

மார்கழி முதல் மாசி வரையிலான காலைப்பொழுதே இங்கே பழகுவதற்கு மிக உகந்தது. பனி விலகிய பின், வெயில் தரையைச் சூடாக்கத் தொடங்குமுன், ஒன்றிரண்டு மணி நேரம் காற்று அசையாமல் இருக்கும். மானாவாரிக் கேழ்வரகு அறுவடை முடிந்து நிலங்கள் தாளுடன் கிடப்பதும் இக்காலத்தில்தான். அந்தத் தாள் விமானத்தை மெத்தைபோல் தாங்கிக்கொள்ளும். நிலத்துக்காரரிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டால் மறுப்பவர் குறைவு. அறுவடைக்கு முன்னால் கேட்டால் மறுப்பது நியாயமும்கூட.

ஆனால் இதே பருவத்தில், இதே கேழ்வரகைத் தேடி, பன்னார்கட்டா, ஜவளகிரிக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் ஓசூரை ஒட்டிய சானமாவு காப்புக்காட்டுக்கு வருகின்றன. இரவில் வயல்களில் மேய்ந்து விடியலில் காடு திரும்பும் வழக்கமுடையவை அவை. எனவே இருள் பிரியுமுன் தனியாக வயலுக்குப் போவது இவ்வட்டாரத்தில் விளையாட்டன்று. வனத்துறையின் எச்சரிக்கை வந்துள்ள நாளில் விமானம் வீட்டிலேயே இருக்கட்டும். நன்கு விடிந்த பின், ஊராரிடம் கேட்டுக்கொண்டு, பெரியவர் ஒருவர் துணையுடன் செல்ல வேண்டும்.

இடத்தைத் தெரிவுசெய்யும்போது இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும். ஒன்று, மின்கம்பிகள், தொழிற்பேட்டைகளுக்கு மின்சாரம் கொண்டுசெல்லும் உயரழுத்தக் கம்பிகள் இங்கே அடிக்கடி குறுக்கிடுகின்றன. அவற்றில் சிக்கிய விமானத்தைக் குச்சியால் எடுக்க முயல்வது உயிருக்கு ஆபத்து. அந்த விமானம் போனது போனதுதான். மற்றொன்று, ரோஜாவும் குடைமிளகாயும் வளர்க்கும் பசுமைக்குடில்கள். அவற்றின் கூரை வெறும் பாலித்தீன் தாள். சுழலும் புரொப்பல்லர் பட்டால் கிழியும். இழப்பு விமானத்தின் விலையைவிடப் பல மடங்கு.

வாங்குவதா, செய்வதா

பெட்டியைத் திறந்தவுடன் பறக்கத் தயாராக உள்ள விமானங்கள் கிடைக்கின்றன. அவசரமுள்ளவருக்கு அவை பொருந்தும். ஆனால் அவற்றின் ரிமோட் பெரும்பாலும் அந்த ஒரு விமானத்துக்கு மட்டுமே உதவும். இறக்கை உடைந்தால் அதே நிறுவனத்தின் இறக்கைக்குக் காத்திருக்க வேண்டும். செய்துகொள்பவர் பணத்தை வேறுவிதமாகப் பிரிக்கலாம். ரிமோட்டும் சார்ஜரும் பல ஆண்டுகள் உழைப்பவை. அவற்றில் கஞ்சத்தனம் வேண்டாம். மோட்டார், சர்வோ ஆகியவற்றை விமானத்திலிருந்து விமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். உடையக்கூடிய பகுதி நுரைப்பலகை மட்டுமே. அதுவே எல்லாவற்றிலும் மலிவானது. செய்தவருக்கு ஒட்டவும் தெரியும் என்பது கூடுதல் ஆதாயம்.

ரிமோட் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் ஆறு சேனல் வகையாக இருந்தால் அடுத்த சில விமானங்களுக்கும் போதும். இந்த விமானத்துக்குத் தேவை மூன்று சேனல்கள்: மோட்டாரின் வேகம், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர், இடவலம் திருப்பும் சுக்கான். இறக்கையில் அசையும் தட்டுகள் வேண்டாம். இறக்கை நுனிகளை மேல்நோக்கி உயர்த்தி வைத்தால், சுக்கான் திருப்பும்போது விமானம் தானே சாய்ந்து திரும்பும். ரிமோட்டின் குச்சியை விட்டுவிட்டால் தானே நிமிரும். பதறிய கைக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

பொருள்

வெளிநாட்டு வரைபடங்களில் 'டெப்ரான்' என்ற மென்நுரைப் பலகை கேட்கப்படும். அது எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. அதற்குப் பதிலாக விளம்பரப் பலகைக் கடையில் 'சன்போர்டு' வாங்கிச் செய்து ஏமாறுவோர் உண்டு. சன்போர்டு பி.வி.சி. பொருள், பார்வைக்கு நுரை, தூக்கினால் பலகை. 3 மி.மீ. தடிமனில் ஒரு சதுர மீட்டர் ஒன்றரைக் கிலோ அளவுக்கு வரும். டெப்ரான் 6 மி.மீ. தடிமனிலும் அதே பரப்புக்கு 250 கிராமைத் தாண்டாது. வழவழப்பான அடர்த்தி மிகுந்த தெர்மாகோல் தாள், அல்லது இருபக்கமும் காகிதம் ஒட்டிய நுரைப்பலகையில் ஒரு பக்கக் காகிதத்தை ஈரத்துணியால் நனைத்து உரித்தது, இரண்டும் ஓசூரில் சாத்தியமானவை. கடைக்குப் போகும்போதே சமையலறை டிஜிட்டல் தராசையும் எடுத்துச் செல்வது வெட்கப்பட வேண்டிய செயலன்று. சதுர மீட்டருக்கு 300 கிராமுக்கு மேற்பட்ட எதையும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

பசையில் எச்சரிக்கை தேவை. ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசையும், செருப்புத் தைப்போர் பயன்படுத்தும் ரப்பர் கரைசலும் தெர்மாகோலைக் கரைத்துக் குழி பறித்துவிடும். வெள்ளை ஃபெவிகால் மெதுவாக உலர்ந்தாலும் நம்பத்தக்கது. குறைந்த சூட்டில் பிடித்த பசைத் துப்பாக்கி அவசர இணைப்புக்கு உதவும். ஆனால் அதன் பசை கனமானது. அழகுக்காக வழிய விட்டால் இருபது கிராம் கூடிவிடும்.

இறக்கை

இங்கே விளக்கப்படும் விமானத்தின் இறக்கை 100 செ.மீ. நீளம், 22 செ.மீ. அகலம், பரப்பு 22 சதுர டெசிமீட்டர். மொத்த எடையை 245 கிராமுக்குள் வைத்தால் இறக்கைச் சுமை 11 கிராம் அளவில் நிற்கும். 245 என்ற எண்ணுக்குச் சட்டக் காரணமும் உண்டு, அது பின்னர்.

தட்டையான பலகையும் பறக்கும்; ஆனால் சற்று வளைந்த மெல்லிய பலகை மெதுவான வேகத்தில் அதைவிட நன்றாகத் தூக்கும். பலகையின் அடியில் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்புவரை 22 செ.மீ. நீளத்தில் வில்போல் வெட்டிய ஐந்து நுரைத் துண்டுகளை ஒட்டினால் வளைவு நிலைக்கும். வில்லின் மிக உயர்ந்த இடம் முன்விளிம்பிலிருந்து 7 செ.மீ. தொலைவில் இருக்கட்டும், உயரம் 1 செ.மீ.க்குச் சற்று மேல் போதும். பலகையை மேசை விளிம்பில் மெதுவாக உருட்டி முன்பே பழக்கிவிட்டால் ஒட்டும்போது பிளக்காது. நுரை தன்னந்தனியே ஒரு மீட்டர் நீளத்தில் நிற்காது. பட்டம் கட்டுவோர் சீவுவது போலச் சீவிய காய்ந்த மூங்கில் சிம்பு ஒன்றையோ, 3 மி.மீ. கார்பன் கம்பியையோ, அந்த உயர்ந்த இடத்தின் அடியில் நீளவாக்கில் பதித்து ஒட்ட வேண்டும். முன்விளிம்பில் ஒரு சுற்று செல்லோ டேப் ஒட்டினால் தாளில் உரசியும் சிதையாது.

நடுவில் வெட்டி இரு பாதிகளையும் நுனி உயர்த்தி மீண்டும் இணைப்பதே கவனமான வேலை. ஒரு பாதியை மேசைமேல் தட்டையாக வைத்தால், மற்ற பாதியின் நுனி மேசையிலிருந்து 12 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும், பொருத்தியபின் இரு பக்கமும் ஆறு ஆறு செ.மீ. என்று அது பகிர்ந்துகொள்ளும். பசை முழுதாக உலரும்வரை புத்தகங்களை அடுக்கி முட்டுக் கொடுக்கலாம். மூங்கில் சிம்பும் இந்தக் கோணத்திலேயே நடுவில் இணைக்கப்பட வேண்டும். சுமை முழுவதும் தாங்கும் இடம் அது. நூல் சுற்றிப் பசை தடவினால் இன்னும் உறுதி. இறக்கை எப்பக்கமாவது முறுக்கியிருந்தால் விமானம் அப்பக்கமாகவே வட்டமிடும். பின்னாலிருந்து கண்ணை வைத்துப் பார்த்து, இப்போதே நேராக்கிவிட வேண்டும்.

உடலும் வாலும்

உடலுக்கு 10 மி.மீ. சதுரமான இலகு மரச்சட்டம் அல்லது மெல்லிய கார்பன் குழாய், 85 செ.மீ. நீளம். மரமாயின் முடிச்சில்லாததைப் பார்த்து எடுக்க வேண்டும். கிடைவாலின் நீளம் 36 செ.மீ., அகலம் 12 செ.மீ.; இது இறக்கைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு. செங்குத்து வாலின் பரப்பு 2 சதுர டெசிமீட்டர். இரண்டிலும் பின்பகுதியின் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, டேப்பால் கீல்போல் ஒட்டினால் அசையும் தட்டுகள் ஆகிவிடும். 9 கிராம் சர்வோ இரண்டும் இறக்கைக்கு அடியில் சட்டத்தின்மேல் அமரும்; அங்கிருந்து மெல்லிய எஃகுக் கம்பிகள் வாலுக்குச் செல்லும். கம்பி வளைந்து நெளியாதிருக்க, குளிர்பானக் குழலைச் சிறு துண்டுகளாக நறுக்கிச் சட்டத்தில் ஒட்டி அவற்றின் வழியே விடலாம்.

இறக்கையைச் சட்டத்தோடு நிரந்தரமாக ஒட்டக்கூடாது. ரப்பர் வளையங்களால் கட்ட வேண்டும். மோதும்போது இறக்கை கழன்று தெறித்தால் அதுவே அதன் பாதுகாப்பு. ஒட்டிய இறக்கை உடைந்து நிற்கும். முன்னும் பின்னும் நகர்த்திச் சமநிலை பார்க்கவும் இது வசதி.

மோட்டாரும் மின்கலமும்

25 கிராம் எடையுள்ள தூரிகையற்ற மோட்டார், 10 ஆம்பியர் வேகக் கட்டுப்படுத்தி, 8 அங்குல விட்டமும் 4 அங்குலச் சுருதியும் உள்ள மெதுபறப்புப் புரொப்பல்லர், இரண்டு செல் 450 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் பாலிமர் மின்கலம்: இந்த நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்தும். இரண்டு செல்லுக்கு ஏற்றதென்று விற்பவர் குறிப்பிடும் மோட்டாரையே கேட்டு வாங்க வேண்டும்; மூன்று செல்லுக்கான மோட்டார் இரண்டில் சோம்பலாகச் சுழலும். பெரிய புரொப்பல்லர் மெதுவாகச் சுழல்வது, சிறியது வேகமாகச் சுழல்வதைவிட இவ்வகை விமானத்துக்குச் சிக்கனமானது.

சமமட்டப் பறப்பில் சராசரி 2 ஆம்பியர் செலவாகிறது என்று கொண்டால், கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்கை மட்டும் பயன்படுத்தி, பத்து நிமிடத்துக்குச் சற்று அதிகம் பறக்கலாம். பெரிய மின்கலம் போட்டு அரை மணி நேரம் பறக்க ஆசைப்படுவது இயல்பு. அந்த ஆசைதான் இறக்கைச் சுமையைத் திருட்டுத்தனமாக ஏற்றிவிடும். அதே சிறு மின்கலம் இரண்டை வாங்கி மாற்றிக்கொள்வதே சரி.

லித்தியம் பாலிமர் மின்கலம் இந்த விளையாட்டிலுள்ள உண்மையான ஆபத்து. ஒரு செல்லின் முழு மின்னழுத்தம் 4.2 வோல்ட், அதற்கு மேல் ஏற்றினாலும், உப்பியதை ஏற்றினாலும், துளைபட்டதை ஏற்றினாலும் தீப்பற்றலாம். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே சமன்செய்யும் சார்ஜர் கட்டாயம். கைப்பேசி சார்ஜரின் கம்பியை வெட்டி இணைப்பது கூடவே கூடாது. 450 மில்லி ஆம்பியர்-மணி மின்கலத்துக்கு 0.45 ஆம்பியர் அளவில் ஏற்றினால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். அந்நேரம் முழுவதும் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். கட்டிலின்மேலும் பாயின்மேலும் வைக்காமல், கல் தரையில் ஒரு மண்சட்டிக்குள் வைத்து ஏற்றுவது எளிய காப்பு. பறக்காத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் சேமிக்க வேண்டும். முழுதாக நிரப்பி வாரக்கணக்கில் விட்டாலும், 3.3க்குக் கீழே வடியவிட்டாலும் கெட்டுப்போகும். வெயிலில் நிற்கும் ஸ்கூட்டரின் இருக்கைப் பெட்டி இதற்கு உரிய இடமன்று.

மோட்டாரை நேராகப் பொருத்தாமல் மூன்று பாகை கீழ்நோக்கியும் இரண்டு பாகை வலப்புறமாகவும் சாய்த்துப் பொருத்துவர். பெரிய இறக்கை உள்ள விமானம் வேகம் கூடும்போது மூக்கைத் தூக்கும். புரொப்பல்லர் சுழலும் திசைக்கு எதிராக உடல் இடப்புறம் சாயப் பார்க்கும். இந்தச் சிறு சாய்வு இரண்டையும் ஓரளவு அடக்குகிறது.

எல்லாவற்றையும் கூட்டினால்: இறக்கை நுரை 55 கிராம், மூங்கில் 8, சட்டம் 20, வால் 15, மோட்டார் 25, கட்டுப்படுத்தி 11, சர்வோ 18, ரிசீவர் 8, மின்கலம் 30, புரொப்பல்லர் 8, கம்பி, பசை, டேப், ரப்பர் எல்லாம் 25. மொத்தம் 223. கைக்கு மிஞ்சியிருப்பது 22 கிராம். பெயின்ட் அடிக்க நினைப்பவர் அதற்குள் அடித்துக்கொள்ளலாம். மார்க்கர் பேனாவால் பெயர் எழுதுவது இன்னும் மேல்.

சமநிலை

இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 6 முதல் 7 செ.மீ. தொலைவில் இரு விரல் நுனிகளால் தாங்கினால் விமானம் கிடையாக நிற்க வேண்டும். மூக்கு சற்றே தாழ்ந்தாலும் குற்றமில்லை. வால் தாழ்ந்தால் பறக்கவிடவே கூடாது. மின்கலத்தை முன்னே நகர்த்தியோ, இறக்கையைப் பின்னே தள்ளியோ சரிசெய்யலாம். ஈயம் சேர்ப்பது கடைசி வழி.

அடுத்து, மோட்டாரை இயக்காமல் தாள்நிலத்தில் தோள் உயரத்திலிருந்து கிடையாக, ஈட்டி எறிவது போலன்றிக் காற்றில் வைப்பது போல விட வேண்டும். எட்டு, ஒன்பது மீட்டர் தூரம் வழுக்கிச் சென்று இறங்கினால் வேலை முடிந்தது. மூக்கை மேலே தூக்கி, நின்று, பொத்தென்று விழுந்தால் பின்பாரம். நேரே தரையை நோக்கிப் பாய்ந்தால் முன்பாரம். மின்கலத்தை அரை செ.மீ. நகர்த்தி மீண்டும் விடலாம். பலர் இச்சோதனையைத் தாண்டிப் போகின்றனர். பத்து நிமிடம் செலவழித்தால் ஒரு விமானம் மிஞ்சும்.

முதல் பறப்பு

சர்வோ, மோட்டார் சோதனைகளை வீட்டில் செய்யும்போது புரொப்பல்லரைக் கழற்றி வைக்க வேண்டும். களத்தில் முதலில் ரிமோட்டை இயக்கி, அதன்பின் விமானத்தில் மின்கலத்தை இணைக்க வேண்டும். நிறுத்தும்போது இது தலைகீழாகும். ரிமோட்டின் தொடர்பு அறுந்தால் மோட்டார் தானே நிற்கும்படி முன்பே அமைத்திருக்க வேண்டும்.

ஒருவர் எதிர்க்காற்றை நோக்கி எறிய, மற்றவர் முக்கால் பங்கு விசையில் ரிமோட்டைப் பிடிப்பது நல்லது. பதினைந்து மீட்டர் உயரம் வரும்வரை திருப்ப வேண்டாம். பிறகு விசையைப் பாதியாகக் குறைத்து, காற்று வரும் பக்கத்திலேயே அகன்ற வட்டங்களாகச் சுற்றலாம். விமானம் தன்னைநோக்கி வரும்போது இடம் வலமாகவும் வலம் இடமாகவும் தோன்றும். பெரும்பாலான முதல் விபத்துகள் இங்கேதான். எந்த இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ அதற்கு முட்டுக் கொடுப்பது போலக் குச்சியை அப்பக்கம் தள்ளினால் விமானம் நிமிர்ந்துவிடும். பயந்த கை எலிவேட்டரை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கும். மூக்கு உயர்ந்து வேகம் போனால் இறக்கை தூக்குவதை நிறுத்திவிடும். இழுத்ததை விட்டு, விசை கொடுக்க வேண்டும்.

இறங்குவது ஏறுவதைவிட எளிது. எதிர்க்காற்றில் திரும்பி, விசையைச் சிறிது சிறிதாகக் குறைத்து, முழங்கால் உயரத்தில் முற்றிலும் நிறுத்தினால் தானே அமரும்.

சட்டம்

இந்தியாவில் 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் இவ்விமானங்களுக்கும் பொருந்தும். 250 கிராமுக்கு மேற்படாதவை அவ்விதிகளில் நானோ வகை. அவற்றை ஓட்ட விமானி உரிமம் தேவையில்லை. 2 கிலோ வரையிலான மைக்ரோ வகையை வணிக நோக்கமின்றி ஓட்டுவதற்கும் அது தேவையில்லை. கல்விக்கும் பொழுதுபோக்குக்கும், கண்பார்வைக்குள் மட்டும் இயக்கப்படும், 25 கிலோவுக்கு மிகாத விமானங்களை 'மாதிரி' என்று விதிகள் தனியே வரையறுக்கின்றன. அவற்றுக்கும் நானோ வகைக்கும் வகைச் சான்றிதழ் வேண்டாம்.

எடை விலக்கு, இட விலக்கு ஆகாது. வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, அரசின் 'டிஜிட்டல் ஸ்கை' தளத்தில் வரைபடமாக உள்ளது. பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை முன்அனுமதியின்றிப் பறக்கலாம். இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ. தொலைவுக்குள் அது 200 அடியாகக் குறைகிறது. பெலகொண்டப்பள்ளி ஓடுபாதை அருகிலிருக்க, ஓசூருக்குப் பெருவிமான நிலையம் அமைக்கும் திட்டத்தையும் தமிழக அரசு 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்திருக்க, இவ்வட்டாரத்தில் நேற்றுப் பச்சையாக இருந்த இடம் நாளையும் பச்சையாகவே இருக்கும் என்று கொள்ள முடியாது. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் வரைபடத்தையும் பதிவு பற்றிய நடைமுறையையும் தளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். வயல் கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் விதி இதுவே.

நுரை விரிசலுக்கு ஃபெவிகால் தடவி, இருபுறமும் டேப் ஒட்டி, ஓர் இரவு விட்டால் போதும். ஒவ்வொரு ஒட்டுக்குப் பின்னும் விமானத்தைத் தராசில் வைத்து எடையை இறக்கையின் அடியில் தேதியுடன் எழுதிவர வேண்டும். 250ஐத் தொட்ட அன்று பழைய இறக்கையைக் கழற்றிவிட்டுப் புதியது வெட்டத் தொடங்கலாம். மோட்டார் முதல் ரிசீவர் வரை மற்ற அனைத்தும் அப்படியே அதற்கு மாறிக்கொள்ளும்.